கையுறைக்குள் ஈரம்

முதலில் எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும், சார்.

பெரிதாக எதுவும் கேட்டுவிடவில்லை. அந்த மூலையில் மடக்கிச் சாத்தியிருக்கிற இரும்பு நாற்காலி போதும். மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்த்தீர்களா? இந்தக் கட்டடத்தில் நாற்காலி இருப்பது அவருடைய அறையிலும், மாதிரிக் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருக்கிற இந்த அறையிலும்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று என் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தி, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "எது வேணும்னாலும் கேளு. லீவு கேளு, சோப்பு கேளு. உக்கார நாற்காலி மட்டும் கேட்டுடாத. கேட்டவ எவளும் இங்க நிலைச்சதில்ல."

நன்றி சார். அங்கேயே போடுங்கள். கொஞ்சம் கழித்து உட்கார்ந்துகொள்கிறேன். நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும், அதுவும் நடந்துகொண்டே என்றால் இன்னும் நன்றாக வரும். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள்.

நீங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய விசாரணை அதிகாரி. என் அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் எப்படிப் போயின என்று கண்டுபிடிக்க வந்திருக்கிறீர்கள். காலையில் மேனேஜர் உங்களைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். பிறகு ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டீர்கள். கடைசி ஆள் நான். இந்த ஆலையின் கெமிஸ்ட்; அடிபட்டவளின் தங்கை. கூடத்தில் என் பெயர் 'காலேஜ்'. "காலேஜ் வருது, வழி விடுங்கடி" என்பார்கள். கேலிதான். ஆனாலும் அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒருத்தியைப் படிக்க அனுப்பித் திரும்ப வரவழைத்த மாதிரி அதில் ஒரு பெருமையும் இருக்கும்.

நீங்கள் என்ன முடிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தொழிலாளியின் கவனக்குறைவு. நேற்று ஆஸ்பத்திரியில் அக்காவே உங்களிடம் அப்படிச் சொல்லிவிட்டாள், அன்று காலை கையுறையைச் சோதிப்பதற்கு முன்பே அவசரத்தில் மாட்டிக்கொண்டேன் என்று. அது பொய். சோதனை முடிந்த பிறகுதான் மாட்டினாள். சோதித்தது நான். அவளுடைய பொய்யை நம்பி நீங்கள் எழுதிவிட்டால், விரல் போனது அவள் தப்பு என்று ஆகிவிடும். இங்கே எதுவும் மாறாது. நாளைக்கு வேறொருத்தி அதே தொட்டியில் கை வைப்பாள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேசுகிறேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதையெல்லாம் கேட்ட பிறகும்.

உங்களுக்குச் சட்டம் தெரியும், வேதியியல் தெரியாது. அதனால் சாதுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் இருக்கிற அமிலத்துக்குக் கூடத்தில் வைத்திருக்கிற பெயர் அது. பளபளவென்று இருக்கிற கண்ணாடியை அதில் இறக்கி எடுத்தால் பனி மூடிய மாதிரி வெளியே வரும். குளியலறைக் கதவு, விளக்கு மூடி, செண்ட் பாட்டில். இந்த அறையின் தடுப்புக் கண்ணாடிகூட எங்கள் கூடத்தில் முக்கி எடுத்ததுதான். வெளியே நடமாடுகிறவர்களின் நிழல் தெரியும், முகம் தெரியாது. இந்த அமிலம் கண்ணாடியையே தின்னும். அதனால் கண்ணாடிப் புட்டியில் அடைக்க முடியாது, பிளாஸ்டிக் கேனில்தான் வரும். தின்கிற அந்த வாய் எதுவென்று கேட்டால், ஃபுளூரின்.

கல்லூரியில் முதல் வருடம் அதைப் பற்றிப் படித்தபோதே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. அதற்கு ஓர் எலெக்ட்ரான் குறைவு. ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காகத் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கும், இரும்போடு நிற்கும், கல்லோடும் நிற்கும். தனிமங்களிலேயே அதைப் போல் பறிக்கிற குணம் வேறு எதற்கும் இல்லை. அதைத் தனியே பிரித்தெடுக்கப் போன பழைய காலத்து விஞ்ஞானிகளில் சிலர் நோயாளியானார்கள், சிலர் செத்தே போனார்கள். ஆனால் வேண்டியது கிடைத்துவிட்டால் அதைவிட அடக்கமான பொருளும் இல்லை சார். உங்கள் வீட்டு ஒட்டாத வாணலியின் கறுப்புப் பூச்சு, ஃபுளூரின் கரியோடு கைகோத்தது. எதுவும் அதில் ஒட்டாது, அதுவும் யார் வம்புக்கும் போகாது. பற்பசையில் துளியூண்டு இருக்கிறது, பல்லைக் கெட்டிப்படுத்த. குடிக்கிற தண்ணீரில் அளவு மீறினால் அதுவே பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்துவிடும். எத்தனையோ மாத்திரைகளில் இருக்கிறது. ஒருகாலத்தில் குளிர்சாதனப் பெட்டி வாயு எல்லாம் அதுதான். வகுப்பில் ஒருத்தி எழுந்து, "இது நல்லதா கெட்டதா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பசிக்கு ஏது நல்லது கெட்டது.

மேனேஜர் சார், உங்களுக்கு வியர்க்கிறதா? ஏசி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. கைக்குட்டையை அப்படிக் கசக்குகிறீர்களே என்று கேட்டேன். சரி, சரி.

சாது என்று ஏன் பெயர் வந்தது என்றால், அது பட்டால் எரியாது. கந்தக அமிலம் முரடன், மேலே தெறித்த நிமிஷமே கத்தவைத்துவிடும். எங்கள் தொட்டியில் இருக்கிற அளவுக்குத் தண்ணீர் கலந்த இது தோலில் பட்டது தெரியவே தெரியாது. அக்காவின் பக்கத்தில் நிற்கிறவள், வாய் மூடாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள், "ஆசிட்டுலயே அடக்கமான புள்ள இதுதான்டி. என் மாமியாரைக் கொண்டாந்து இதுகிட்ட ஒரு மாசம் விடணும்" என்பாள். கூடமே சிரிக்கும். வீட்டுக் குழாயில் துருப்பிடித்தால் சின்ன டப்பாவில் எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவுகிறவர்களும் உண்டு, வெறுங்கையால். நான் சொன்னால், "காலேஜ், வலிக்காததுக்குப் பயப்பட ஆரம்பிச்சா பொழைக்க முடியுமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வலியை வைத்து ஆபத்தை அளந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். வலிக்காவிட்டால் வேலை நடக்கும். அவ்வளவுதான் கணக்கு.

பாடப்புத்தகத்திலும் அதை வலுக்குறைந்த அமிலம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. தோலோடு சண்டை போட்டு அங்கேயே தீர்ந்துபோகாததால் அது சத்தமில்லாமல் உள்ளே போகிறது. போய்த் தேடுவது கால்சியத்தை. காலையில் பட்டால் சாயங்காலம் வலி எழும்பும். அதற்குள் அது எலும்புக்குப் பக்கத்தில் போயிருக்கும். உடம்பில் நிறையப் பட்டால் இரத்தத்திலிருக்கும் கால்சியத்தையும் பிடுங்கிவிடும், இதயம் நின்றுபோகும்.

இதற்கு மருந்து உண்டு. கால்சியம் கலந்த களிம்பு, பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஒரு டியூப். பட்டவுடன் கழுவிவிட்டு அதைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பைத் தேடிப் போகிற பசிக்கு வழியிலேயே சோறு போட்டு நிறுத்துகிற மாதிரி. எங்கள் ஆலையிலும் ஒரு டியூப் இருந்தது. இருக்கிறது. கூடத்தின் அந்தக் கோடியில் மேனேஜர் அறையில், அவர் மேஜை டிராயரில், பூட்டி. கூடத்தில் அவரைச் 'சாவிக்கொத்து' என்பார்கள். மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இடுப்பில் அது குலுங்குகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் பேச்சை நிறுத்துவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் போய், அந்த டியூப்பைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்றேன்.

"பாப்பா," என்றார். எனக்குப் பட்டம் இருக்கிறது, அவருக்கு நான் பாப்பா. "மருந்தை வெளிய மாட்டினா அது விஷம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். நாளைக்கு எவளும் கைய வைக்க மாட்டா. உங்கக்கா உள்பட."

"யாருக்காவது பட்டா?"

"பட்டா நான் இருக்கேன், சாவி இருக்கு. மருந்துன்னா பொறுப்பான ஆள்கிட்ட இருக்கணும்மா. இத்தனை வருஷத்துல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்கா? காட்டு பாப்பம்."

ஆகியிருந்தது. வீட்டில் வைத்து ஆகியிருந்தது. இரவெல்லாம் கை வலிக்கிறது என்று படுத்திருப்பார்கள், மாத்திரை போடுவார்கள், நகம் கறுக்கும், பிறகு வேலைக்கு வரமாட்டார்கள். வலி வீட்டில் வந்ததால் அது வீட்டுக் கணக்கு. ஆலையில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி போனேன். மறுபடியும் அதே 'காட்டு பாப்பம்'. அதற்கு அடுத்த முறை அறையில் ஆட்கள் இருந்தார்கள், கண்ணாடி வாங்க வந்தவர்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் செய்து காட்டுகிற வித்தை ஒன்று உண்டு சார். காலையில் நீங்களும் பார்த்தீர்கள். ஆணியில் தொங்குகிற கையுறைகளில் முதல் ஆணியில் இருப்பதை எடுத்து மாட்டுவார். யாருடையது என்று பார்க்க மாட்டார். கையைத் தொட்டிக்குள் விட்டு, துணி அலசுகிற மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டி, தூக்கிக் காட்டுவார். "பச்சத் தண்ணி மாதிரி. பேரே சாதுதான்." எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் இன்றைக்குத் தலையாட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வாயால் சொல்லிப் பயனில்லை. காட்ட வேண்டும். ஆலைக்குள்ளேயே, எல்லோர் கண் முன்னாலும், ஒரு சின்னக் காயம். உடனே மருந்து வேண்டும், மருந்து பூட்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். சின்னதுதான். நுனி விரலில் வெள்ளையாக ஒரு வடு விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் எடுத்த முடிவில்லை. நான் எதையும் கோபத்தில் செய்கிறவள் இல்லை. கோபமாக இருந்தேன், அது வேறு.

கையுறைச் சோதனை என் வேலை. தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொன்றாக எடுத்து, காற்றை உள்ளே அடைத்து, மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்துக்குத் தெரிந்துவிடும், யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி. "பலூன்காரி வந்துட்டா, குழந்தைகளை வரச் சொல்லுங்கடி" என்பாள் ரேடியோ. ஒவ்வொருத்தியின் கையுறையிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும். அக்காவுடையது மஞ்சள்.

அன்று காலை மஞ்சள் நூல் கையுறையைக் கன்னத்தில் வைத்தேன். காற்று கசிந்தது. வலது கை, சுட்டுவிரல் பக்கம். கசிவதை உணர்ந்தேன், ஆணியில் மாட்டினேன். அக்கா வந்து, "பாத்துட்டியாடி?" என்றாள். "பாத்துட்டேன்" என்றேன். மாட்டிக்கொண்டாள்.

ஏன் அக்கா என்று கேட்கிறீர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும். வேறு எவளுடைய கையுறையாக இருந்தாலும் அவள் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். வற்புறுத்தினால் அவள் புருஷன் வந்து என்னிடம் சண்டைக்கு நிற்பான். எனக்காக நின்று பேசுவாள், நான் சொன்னால் கேட்பாள் என்று இந்தக் கூடத்தில் எனக்கு ஒரே ஒருத்திதான் உண்டு. யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை. அன்னியப் பெண்ணின் கையில் அப்படிச் செய்யவும் எனக்கு மனசு வராது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள், நான் நிற்காமல் போவதற்காக. பட்டம் வாங்கிய அன்று என் கறுப்பு அங்கியை வாங்கித் தான் ஒருமுறை போட்டுக்கொண்டாள். கை நீளம் அவளுக்குப் பெரிது, விரல்கள் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. "எப்படிடி இருக்கேன்?" என்று அந்த வெறும் கையை ஆட்டிக் காட்டினாள். இப்போது அடிக்கடி அது ஞாபகத்துக்கு வருகிறது. அவ்வளவுதான், ஞாபகம். அதில் உங்களுக்கு எழுத எதுவும் இல்லை.

மதியம் தண்ணீர் குடிக்க வந்தபோது அக்கா சொன்னாள், "உள்ள ஈரமா இருக்குடி. பிசுபிசுங்குது."

"வேர்வையா இருக்கும்" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்" என்று திரும்பிப் போய்விட்டாள். கையுறைக்குள் எப்போதும் வியர்க்கும். ஈரம் என்றால் வியர்வை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் கழுவிவிட்டால் ஒன்றும் தெரியாமல் போய்விடும். தெரியாத காயத்தை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன காட்டுவது? வடு விழுகிற வரைக்கும் பொறுத்தேன். பொறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஆய்வறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார எங்கே நாற்காலி.

நான் ஏன் திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்க்கிறேன் என்று கேட்கிறீர்கள். பழக்கம் சார். ஆய்வறைப் பழக்கம்.

சாயங்காலம் வலி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வரவில்லை, மொத்தமாக வந்தது. அக்கா கத்துகிறவள் இல்லை. ஏப்ரன் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தன. கூடமே கூடிவிட்டது. நான் எதிர்பார்த்தபடிதான். நான் மேஜைமேல் ஏறி நிற்காத குறையாகச் சொன்னேன், இதுதான் உங்கள் சாது, இதற்கு மருந்து இருக்கிறது, மேனேஜர் டிராயரில் பூட்டி இருக்கிறது என்று. எல்லோரும் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் கணக்கில் தப்பியது. மேனேஜர் ஆலையில் இல்லை. மதியமே யாரையோ வழியனுப்பப் போயிருந்தார், சாவிக்கொத்தோடு.

ரேடியோ சுத்தியல் எடுத்து வந்தாள். "நகருடி காலேஜ், டிராயர உடைச்சு எடுத்துடலாம்."

"வேணாம்க்கா. உடைச்சா நாமதான் திருடினோம்பாங்க. அவரே வரட்டும். அவர் சாவியால, எல்லார் முன்னாடியும் தொறக்கட்டும்."

"உனக்கென்ன பைத்தியமாடி? உங்கக்காடி அது."

"தெரியும்" என்றேன். மேனேஜர் அறைக் கதவை மறித்து நின்றேன். நான் ஆலையின் கெமிஸ்ட். நான் வேண்டாம் என்றால் வேண்டாம். ரேடியோ சுத்தியலோடு அப்படியே நின்றாள். உங்களிடம் அவள், அதிர்ச்சியில் காலேஜுக்குக் கைகால் ஓடவில்லை என்று சொன்னாளாம். நல்லவள். எனக்குக் கைகால் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. டிராயரை உடைத்து எடுத்திருந்தால் அது வெறும் மருந்து. அவர் திறந்து எடுத்தால்தான் ஒப்புதல். இந்த வித்தியாசம் ரேடியோவுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

அவர் வந்து சேர நேரமாகிவிட்டது. திறந்தார். எல்லோரும் பார்த்தார்கள். தடவினோம். டாக்டர் பிறகு சொன்னார், களிம்பு தாமதமாகத்தான் பட்டிருக்கிறது, சீக்கிரம் தடவியிருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று. எனக்கு அது தெரியும் சார். நான்தானே படித்தவள்.

இதில் இரண்டு திருத்தம் செய்ய வேண்டும். வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும்.

கையுறையில் காற்று கசிந்தது என்றேன். கசிந்தது உண்மை. ஓட்டையைக் கண்டுபிடித்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நான் போட்டது அது. ஊக்கால், முந்தின நாள். முதல் வேலை நாளில் என் சட்டையில் பொத்தான் இல்லை என்று அக்கா தன் துணியிலிருந்து கழற்றிக் குத்திவிட்ட ஊக்கு. கைக்கு அகப்பட்டது அது, வேறு அர்த்தம் எதுவும் இல்லை. போட்ட பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சரியாக விழுந்திருக்கிறதா என்று.

இன்னொன்று, இது. இந்த டியூப். டிராயரில் இருக்கிற அதே களிம்புதான். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறாள், அவளிடம் முன்னாலேயே சொல்லி வாங்கி வைத்திருந்தேன். அன்று முழுவதும் என் கைப்பையில் இருந்தது. அக்கா குழாயில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தபோதும் என் தோளில்தான் தொங்கியது. மூடிகூட இன்னும் திறக்கவில்லை, பாருங்கள். நான் அதை எடுத்திருந்தால் அந்த டிராயர் பூட்டியே இருந்திருக்கும். எல்லோரும் காலேஜ் நல்லவள், காலேஜ் காப்பாற்றினாள் என்று சொல்லிவிட்டு மறுநாள் வெறுங்கையால் குழாய் தேய்க்கப் போயிருப்பார்கள். ஒருத்தியின் கைக்காக அத்தனை பேர் கையையும் விட முடியுமா?

இதையெல்லாம் நான் இன்று சொல்லியிருக்கவே வேண்டாம், அக்கா மட்டும் சும்மா இருந்திருந்தால். ஆலை சோதித்துக் கொடுத்த கையுறை ஓட்டை, மருந்து பூட்டிக் கிடந்தது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு எளிது. அதற்குப் பதிலாக என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன், அதனால் என் வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவள் எப்போதும் இப்படித்தான். கேட்காமலே எதையாவது விட்டுக்கொடுத்துவிடுவாள், பிறகு நான்தான் சரிசெய்ய வேண்டும். நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஓட்டை போட்டது, டியூப், எல்லாம். கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மருந்தின் மயக்கம். தூங்கியிருப்பாள்.

அவள் விரல்கள் போன பிறகும் அந்தக் களிம்பு மறுபடி டிராயருக்குள் போய்விட்டது சார். பூட்டும் மாட்டியாகிவிட்டது. கவனக்குறைவு என்று ஆகிவிட்டதே, பிறகென்ன. "உங்கக்கா ஒழுங்கா இருந்திருந்தா இது நடந்திருக்குமா பாப்பா?" என்று மேனேஜர் என்னிடமே கேட்டார். காட்டியும் பார்த்தாகிவிட்டது. எங்களில் ஒருத்தி கையைக் காட்டினால் அது காட்டியதாகவே ஆகாது என்று எனக்கு அப்போது புரிந்தது.

மேனேஜர் சார், கைக்குட்டையைக் கொஞ்சம் எடுங்களேன். வலது கை. சாப்பிட்டதிலிருந்து அந்தச் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். காலையில் கையுறைக்குள் ஈரமாக இருந்ததா? வியர்வை என்று நினைத்திருப்பீர்கள்.

முதல் ஆணியில் இருப்பதைத்தான் எடுப்பார் என்று சொன்னேன் இல்லையா, சார். விசாரணை அதிகாரி வருகிறார் என்றால் வித்தை காட்டாமல் விடமாட்டார் என்றும் தெரியும். அதனால் காலையில் முதல் ஆணியில் மஞ்சள் நூல் கையுறையை மாட்டினேன். அக்காவுடையதேதான். யாரும் அதைத் தூக்கிக்கூடப் போடவில்லை. கூடத்துப் பெண்கள் எவளும் அதைத் தொடமாட்டாள், கலர் தெரியும். கலர் பார்க்காதவர் இங்கே ஒருவர்தான்.

எழுந்துவிட்டீர்கள், மேனேஜர் சார். நல்லது. பதற்றம் வேண்டாம், என் அக்காவுக்கு ஆன அளவு உங்களுக்கு ஆகாது, இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். மருந்து உங்கள் டிராயரில் இருக்கிறது. சாவி உங்கள் இடுப்பில். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும், தொட்டியைத் தாண்டி, அத்தனை பேரையும் தாண்டி. நீங்கள் நடந்து போகமாட்டீர்கள், ஓடுவீர்கள். ஓடுங்கள். சாதுவுக்குப் பயந்து சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க ஓடுவதை அவர்கள் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். அதற்கப்புறம் நான் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இல்லை சார், இந்த டியூப்பை அவருக்குத் தர முடியாது. இது என்னிடமே இருக்கட்டும். மருந்து பொறுப்பான ஆளிடம் இருப்பதுதான் நல்லது.

அதோ, தடுப்புக் கண்ணாடியில் நிழல் ஓடுகிறது. எல்லா நிழலும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறது, பார்த்தீர்களா? நாற்காலிக்கு நன்றி. நான் உட்காரவே இல்லை. கேட்டால் கிடைக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் சொன்னது எல்லாம் உங்கள் போனில் பதிவாகியிருக்கும். போலீஸிடம் கொடுங்கள். என்னைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரியில்தான் இருப்பேன். நேற்று ராத்திரியிலிருந்து அக்கா சாப்பிடவில்லையாம், நர்ஸ் சொன்னாள். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வலியில் சிலர் அப்படித்தான் செய்வார்கள். இன்றைக்கு எப்படியாவது நாலு வாய் ஊட்டிவிட வேண்டும்.

அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.